குந்தினா மண்ணு, பறந்தா வெள்ளை

ஓய்வு பெற்ற மறுவாரமே பறவை பார்ப்பது என்று தீர்மானித்தேன். முப்பது வருஷம் பேரேட்டோடு புழங்கியவன். எதையும் படித்துவிட்டுத் தொடங்கினால்தான் எனக்குத் திருப்தி. 1941இல் முதன்முதலாக வந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் புத்தகத்தை வாங்கி, மூன்று மாதம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இமயமலைப் பறவைகளைக்கூட விடவில்லை. “அடைகாக்கிறது போதும், எப்போ குஞ்சு பொரிக்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

ஜனவரியில் ஒரு காலை, மதுராந்தகம் ஏரிக்குக் கீழே உள்ள வயலுக்குப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு பறவை. உடம்பெல்லாம் மண் நிறம், மார்பில் கோடு கோடாக. அசையவே இல்லை. குனிந்து பக்கங்களைப் புரட்டினேன். நிமிர்ந்தபோது அந்த இடத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு எழும்பிப் போனது. நோட்டில் இரண்டு பறவை என்று குறித்துக்கொண்டேன்.

மண்வெட்டியோடு நின்றிருந்தவர் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதான் சார். மடையான். குந்தினா மண்ணு, பறந்தா வெள்ளை.”

உட்காரும்போது முதுகின் மண் நிற இறகுகள் இறக்கையை மூடிவிடுகின்றன. விரித்தால்தான் அதன் வெள்ளை வெளியே வருகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் புத்தகத்தில் சாலிம் அலியும் அதையேதான் எழுதியிருக்கிறார். அந்த வரியில் சிவப்பு அடிக்கோடு வேறு. போட்டவன் நான்தான்.

அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். பறவையின் அளவை சாலிம் அலி சிட்டுக்குருவி, சின்னான், மைனா, காகம் என்று தெரிந்த பறவைகளோடு ஒப்பிட்டுச் சொல்வார். அந்த அளவுகோல் மனதில் நின்றதால், பக்கத்து வீட்டு வேலியில் காக்கை அளவில், செங்கல் நிற இறக்கையும் சிவப்புக் கண்ணுமாக நடந்து போனதைச் செண்பகம் என்று புத்தகம் திறக்காமலே சொல்ல முடிந்தது. இமயமலையைப் படித்ததுதான் வெட்டி வேலை.

சாலிம் அலியே புத்தகத்தில் தொடங்கியவர் இல்லை. சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன என்று கேட்கத்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். முதலில் குருவி, பிறகு கேள்வி, அதன் பிறகே புத்தகம்.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போக நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் உங்கள் மொட்டை மாடிக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். அவற்றை மட்டும் புத்தகத்தில் தேடிப் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.