அளவெடுத்துத் தைத்த பொங்கல்

எட்டு வயதுப் பெண் பிள்ளைக்குப் பாவாடை வேண்டும் என்று ஜவுளிக் கடையில் கேட்டால், கடைக்காரர் ஒரு நம்பரைச் சொல்லி எடுத்துப் போடுவார். போளூரிலோ வேலூரிலோ வளர்கிற பிள்ளைக்கு அந்த நம்பர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரையும் தாண்டி, வண்டிப்பாதை முடிந்து நடந்து போகிற ஊர்களில் அதே வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாவாடை தரையில் இழுபடும், சட்டை தோளிலிருந்து நழுவும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது மாநிலம் முழுமைக்குமான கணக்கு. மலைப் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிற நான் அதை அளவு நாடாவிலேயே பார்க்கிறேன். அதனால், பண்டிகைக்குத் துணி கொடுக்கலாம் என்று நல்ல மனசோடு கிளம்பி வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது, “அளவெடுத்தீங்களா?” என்பதைத்தான்.

எனக்குத் தொழில் தையல். மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அரசுப் பள்ளிகளில் 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 4 இணை சீருடையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது அல்லவா, அதைத் தைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். வீட்டு மெஷினில் தைத்துத் திருப்பிக் கொடுப்போம், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சீருடை தைப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அது பிள்ளையின் உரிமை. ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளையும் கூலி வேலைக்காரர் பிள்ளையும் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் நிற்பதற்காகவே ஏற்பட்ட துணி அது.

பண்டிகைத் துணியின் சங்கதியே வேறு. அந்த ஒரு நாள் பிள்ளை கூட்டத்தில் ஒன்றாக இல்லாமல் தானாகத் தெரிய வேண்டும். அக்காளுக்குப் பச்சை, தங்கச்சிக்கு ரோஸ், தம்பிக்குக் கட்டம் போட்ட சட்டை என்று வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கொடுக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று நூறு பேருக்கும் ஒரே துணியில், ஒரே டிசைனில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மைதானத்தில் நூறு பிள்ளைகளும் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், பார்க்கிறவனுக்கு அது இன்னொரு சீருடைதான். இவர்கள் தானம் வாங்கியவர்கள் என்று ஊருக்குச் சொல்கிற சீருடை. அதைத் தைக்க எனக்கு மனசு வராது.

ஜவ்வாது மலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிற மலை இது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வழிக்கதையைச் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் ஏறக்குறைய 7.95 லட்சம் பேர், அதில் 3.58 லட்சம் பேர் மலையாளிகள். கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை என்று பல மலைகளில் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் போடுவார்கள். புளி, தேன், கடுக்காய், நெல்லிக்காய் எடுத்து விற்பார்கள். அதை வைத்து வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. ஆகவே ஆண்களும், பல வீடுகளில் பெண்களும் கேரளா, கர்நாடகா, ஆந்திரா, திருப்பூர் என்று கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலையிலும் மலையடிவாரத்திலும் இருந்து போனவர்கள். இந்தப் பக்கத்தில் பண்டிகை பற்றிப் பேசினால், அப்பா வீட்டில் இருப்பாரா என்ற கேள்வியும் கூடவே வரும்.

அதனால்தான், மலைப் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி கொடுக்கிற எங்கள் குழு தீபாவளியை விட்டுப் பொங்கலுக்கு மாறியது. நாங்கள் பெரிய அமைப்பு இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கிற பெண், குட்டி யானை ஓட்டுகிற தம்பி, என்னோடு சங்கத்தில் தைக்கிற பெண்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள். மேல் ஊர்ப் பாட்டி ஒருத்திதான் வாத்தியாரிடம் சொன்னாள்: “தீவாளி கீழ இருக்கறவங்களுக்குப் பெரிசு சார். எங்களுக்குப் பெரிசு பொங்கலுதான். அப்பத்தான் போனவங்க எல்லாம் வூட்டுக்கு வருவாங்க.” யோசித்துப் பார்த்தால் எல்லாக் கணக்கும் அதற்குச் சரியாக இருந்தது. தீபாவளி வடகிழக்குப் பருவமழையில் வரும். பாதை சேறாகும், ஓடையில் தண்ணீர் போகும். தையில் பாதை காய்ந்திருக்கும், சாமை அறுவடை முடிந்திருக்கும். தீபாவளி வாரத்தில் டவுன்களிலிருந்து வருகிற வண்டிகள் எல்லாம் தார் ரோட்டு ஓரத்து ஊர்களிலேயே நின்றுவிடும், அங்கே ஒரே பிள்ளைக்கு மூன்று சட்டைகூடச் சேரும். உள் ஊருக்கு ஒன்றும் போகாது. இன்னொரு விஷயமும் உண்டு. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தால் பொங்கலுக்கு அப்பாவுக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் ரேஷன் கடையில் கிடைக்கின்றன. பிள்ளைக்குத்தான் அதில் பங்கில்லை. அந்த இடத்தை நாம் நிரப்பினால் வீடு முழுவதற்கும் புதுத்துணி ஆகிவிடும்.

அளவெடுக்கிற வேலை கார்த்திகையிலேயே ஆரம்பிக்கும். டேப்பைக் கொடுத்து எழுதி வரச் சொன்னால் ஒருவர் இஞ்சில் எழுதுவார், ஒருவர் சென்டிமீட்டரில் எழுதுவார், 22 என்பது மார்பா உயரமா என்று தெரியாது. ஆகவே பாவாடை நாடாவையே அளவாக வைத்துக்கொண்டோம். பிள்ளையின் தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நாடா, இடுப்பு வருகிற இடத்தில் ஒரு முடிச்சு. மார்புச் சுற்றுக்குத் தனியாக இன்னொரு துண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்டி, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிப் பெயரும் ஊரும் எழுதிக் கோத்துவிட வேண்டும். அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்துவிட்டால் எனக்கு வேறு எந்தக் குறிப்பும் வேண்டாம். துணியின் மேல் நாடாவை நீட்டி வைத்துச் சாக்பீஸில் கோடு போட்டுவிடுவேன். அங்கன்வாடி அம்மாவும் பள்ளிக்கூட டீச்சரும் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும்.

நிறத்தையும் பிள்ளையே சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கிற வெட்டுத்துணித் துண்டுகளை ஒரு வளையத்தில் கோத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துப் போவார்கள். முதலில் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது, எது கொடுத்தாலும் சரி என்று தலையை ஆட்டும். ஏழைப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிற பழக்கம் அது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. வளையத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், விரல் தானாக ஒரு துண்டில் நிற்கும். கத்தரிப்பூ நிறத்துக்குத்தான் இந்த மலையில் அதிக மவுசு. பையன்களுக்கு ஜிப் வைத்த பேன்ட் வேண்டும். ஒருவன் சட்டை போலீஸ் நிறத்தில்தான் வேண்டும் என்று நின்றான், தைத்துக் கொடுத்தோம். ஒரு சின்னப் பெண் பாவாடையில் பாக்கெட் கேட்டாள். எதற்கடி என்றால், “நெல்லிக்கா போட்டுக்க.” அன்றிலிருந்து பெண் பிள்ளைகளின் பாவாடை எல்லாவற்றிலும் பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைக்கிறேன்.

பாவாடையில் இரண்டு டக் பிடித்துவிடுவேன். சட்டையில் பக்கத்துக்கு ஒரு இஞ்சுக்கு மேல் உள்தையல் விடுவேன். பிள்ளை வளர வளர அம்மா ஊசி நூலில் பிரித்துவிட்டுக்கொள்ளலாம், இரண்டு வருஷம் ஓடும். பேன்ட்டும் ஸ்வெட்டரும் தைப்பதில்லை. ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் சாயந்திரம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தையில் மொத்த விலைக்கு எடுக்கிறோம், நாடாக்கட்டையும் கூடவே கொண்டுபோய். தை மாதத்து மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம். ஜட்டியும் பெட்டிகோட்டும் அதைவிட அவசியம். கொடுக்கிறவர்கள் யாருமே நினைக்காத பொருள் அது. பெரிய பெண் பிள்ளைகள் அதைக் கேட்கவும் மாட்டார்கள்.

நோட்டு, பை, செருப்பு எல்லாம் அரசே பள்ளியில் கொடுக்கிறது. அதையே மறுபடி வாங்கி வருகிறவர்களிடம், அந்தப் பணத்துக்கு உள்ளாடை வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். தின்பண்டத்துக்குக் கடலை மிட்டாய்தான் நல்லது. பால் இனிப்பு மலை ஏறுவதற்குள் கெட்டுப் போகும்.

பள்ளிப் பட்டியலையும் அங்கன்வாடிப் பட்டியலையும் மட்டும் நம்பினால் சில பிள்ளைகள் விட்டுப்போகும். பெற்றோரோடு வேலைத்தலத்துக்குப் போயிருக்கிற பிள்ளை, பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளை, பாட்டி வீட்டில் வந்து தங்கியிருக்கிற பிள்ளை. பொங்கலுக்கு அவையெல்லாம் ஊருக்கு வந்து நிற்கும். உள்ளூர் மகளிர் குழுப் பெண்களுக்குத்தான் இந்தக் கணக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் வரப்போகிறார்கள் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். அப்படியும் தப்புகிறவர்களுக்காக நாடா கட்டிச் சுருக்கிக்கொள்கிற மாதிரி சில பாவாடைகளும், எலாஸ்டிக் வைத்த கால்சட்டைகளும் உபரியாக வண்டியில் இருக்கும்.

எல்லாம் தயாரானதும், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே பொட்டலங்களை அந்த மகளிர் குழுப் பெண்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அவர்கள் வீடு வீடாகப் பெற்றோர் கையில் சேர்ப்பார்கள். பண்டிகை அன்று எங்களில் யாரும் அங்கே இருப்பதில்லை. புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். கேரளத்திலிருந்து பஸ் ஏறி வந்த அப்பாவுக்கு, தன் பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்கிற அந்த நிமிஷத்தைத் தருவதும் இந்தப் பரிசில் ஒரு பகுதி. மேடை போட்டு, மைக்கில் பெயர் கூப்பிட்டு, பிள்ளையை நடுவில் நிறுத்திப் பிடிக்கிற போட்டோவில் அப்பாவுக்கு இடமே இல்லை.

போட்டோ விஷயத்தில் நாங்கள் கண்டிப்பு. எடுப்பதில்லை, அனுப்புவதில்லை. ஒரு நிறுவனம் பிள்ளைகள் கையில் தங்கள் பேனரைப் பிடித்து நிற்கிற படம் கேட்டது. பில்லும் அளவுப் பட்டியலும் அனுப்புகிறோம், படம் கிடையாது என்று வாத்தியார் எழுதினார். பணம் வரவில்லை. அது இல்லாமலும் அந்த வருஷம் துணி போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படுகிற பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் இல்லங்களுக்குப் பரிசு கொண்டுபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாதிரி வேலை உலகத்தில் எங்கெல்லாம் நடக்கிறது என்று வாத்தியார் தேடிப் படித்துச் சொல்வார். அலாஸ்காவில் செயின்ட் மேரிஸ் என்கிற ஊரில் 1956இல் வெள்ளத்தால் மீன்பிடி கெட்டு, பிறகு வறட்சியால் வேட்டையும் கெட்டுப் போக, கையில் இருந்த காசெல்லாம் சாப்பாட்டுக்கே போயிற்றாம். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு இல்லை என்று அங்கிருந்த கன்னியாஸ்திரிகள் எழுதிக் கேட்க, தேசியக் காவல் படையின் விமானக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்றைக்கும் ரோடு இல்லாத ஊர்களுக்கு அந்த விமானம் பரிசோடு பழமும் கொண்டுபோகிறது. இதில் எனக்குப் பிடித்தது, கூடவே இருந்தவர்கள் இன்னது வேண்டும் என்று கேட்டார்கள், அதற்குப் பிறகு விமானம் கிளம்பியது என்பது. நம் நாட்டில் டெல்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, ஊர்க்காரர்கள் கிணறு தோண்டுவது, பாதை போடுவது போன்ற தங்கள் ஊர் வேலையைச் செய்ய, அதற்கு வெகுமதியாகத் துணி தருகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நகரத்தில் உபயோகித்த துணியையும் மரியாதையோடு சேர்க்கிற வழி அது. ஆனால் பண்டிகைக்கு என்று சொல்லிவிட்டுப் பழசைக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய துணியை வேறு மாதத்தில், துவைத்து மடித்து, பழசு என்று சொல்லியே கொடுங்கள்.

பொங்கலுக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்து மலைக்கோ உள் கிராமத்துக்கோ ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள், பணம் திரட்டும் முன் அந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரையும் அங்கன்வாடி அம்மாவையும் மகளிர் குழுவையும் கேளுங்கள். பக்கத்தில் தையல் தெரிந்த பெண்கள் நிச்சயம் இருப்பார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். மார்கழி பிறப்பதற்குள் அளவு கைக்கு வந்தால்தான் தை பிறப்பதற்குள் தைத்து முடிக்க முடியும்.