சாந்தினி சௌக்கின் கள்ள வேட்டைக்காரர்

டெல்லிக்காரர்களுக்குத் தெரிந்த சாந்தினி சௌக் ஒன்றுதான். செங்கோட்டைக்கு எதிரே, பராத்தா சந்தும் சேலைக் கடைகளும் ரிக்‌ஷா நெரிசலுமாகக் கிடக்குமே, அதுதான். அதை ஒட்டியிருக்கும் பழைய டெல்லி ஸ்டேஷனில் ரயிலேறி, சனி ஞாயிறானால் கார்பெட் பூங்காவுக்குப் புலி பார்க்கக் கிளம்புகிறவர்களை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். பச்சை ஜாக்கெட், கழுத்தில் கேமரா, வாய் நிறைய, பூங்காவுக்குப் பெயர் தந்த வேட்டைக்காரர் ஜிம் கார்பெட். அவர்கள் போய் இறங்கும் அந்த மலையடிவாரத்தில், காலாதுங்கிப் பக்கம், இன்னொரு சாந்தினி சௌக் இருந்தது. அது ஒரு சின்னக் கிராமம். அதன் தலைவர் குன்வர் சிங், தாக்கூர் சாதிக்காரர். கார்பெட்டுக்குக் காட்டில் வேட்டை சொல்லிக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1952-இல் வந்த ‘மை இந்தியா’வில் கார்பெட் இந்த மனிதருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். யுவன் சந்திரசேகர் மொழிபெயர்ப்பில் ‘எனது இந்தியா’ என்று தமிழிலும் கிடைக்கிறது. குன்வர் சிங் நல்ல தலைவரா, மோசமான தலைவரா என்பதே தனக்குத் தெரியாது என்றுதான் அவரை அறிமுகப்படுத்துகிறார். தெரிந்தது இரண்டு விஷயம். அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்த கள்ள வேட்டைக்காரர் அவர். கார்பெட்டின் மூத்த அண்ணன் டாம் மீது அவருக்கு உயிர். சிறுவன் கார்பெட்டுக்கு அவரைப் பிடித்துப்போக இது போதுமானதாக இருந்தது.

கார்பெட் 1875-இல் நைனிடாலில் பிறந்தவர். சிறு வயதில் கைக்கு வந்தது, வாய் வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் பிளந்து போனது. பித்தளைக் கம்பி சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். பையன் துப்பாக்கிக்காரன் ஆன சேதி கேட்டு வந்த குன்வர் சிங், குறி பார்ப்பதைப் பற்றிப் பேசவில்லை. மரம் ஏறக் கற்றுக்கொள் என்றார். ஏன் என்பதற்கு ஒரு கதையும் சொன்னார்.

ஹர் சிங் என்ற கூட்டாளியோடு வேட்டைக்குப் போயிருந்தாராம். புலி ஒன்று சீறிக்கொண்டு வந்தது. குன்வர் சிங் மரத்துக்கு மேலே; ஹர் சிங் கீழே, சின்ன வயசில் மரம் ஏறிப் பழகாத ஆள். புலி எழுந்து நின்று அவரை மரத்தோடு வைத்து அழுத்தி, பட்டையைப் பிறாண்டியது. மேலிருந்து வெறும் வெடி வெடித்து அதை விரட்டினார் குன்வர் சிங். இறங்கிப் பார்த்தால் ஹர் சிங்கின் வயிறு கிழிந்து குடல் வெளியே கிடந்தது. புலி காதில் விழுந்துவிடுமோ என்று இருவரும் ரகசியக் குரலில் கலந்து பேசினார்களாம்: வெட்டிவிடுவதா, உள்ளே திணிப்பதா? ஒட்டியிருந்த சருகு, புல், குச்சியோடு சேர்த்து உள்ளே திணித்தார்கள். தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். இருட்டில் காட்டு வழியே நடந்து காலாதுங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹர் சிங் பிழைத்து, வயதாகித்தான் செத்தார்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படிப் பாடம் எடுக்கமாட்டார்கள். பின்னாளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் தனியாக நடந்த கார்பெட், பயப்படுவதைப் பற்றி வெட்கப்படாமல் எழுதினார். அந்தத் துணிச்சலின் வேர் இந்தக் கதையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடைசிக் காலத்தில் குன்வர் சிங்கை அபின் பிடித்துக்கொண்டது. சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு கார்பெட் போய் நின்றார். இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, ஆளைத் தேற்றி எழுப்பினார். அதன் பிறகும் சில வருஷங்கள் இருந்துதான் போனார்.

நம் ஊர் இரங்கல் கூட்டங்களில் செத்தவரைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்தமாட்டோம், வெள்ளையும் அடித்துவிடுவோம். கார்பெட் அதைச் செய்யவில்லை. கள்ள வேட்டையும் இருக்கிறது, அபினும் இருக்கிறது, அன்பும் குறையவில்லை. இத்தனைக்கும் டெல்லியில் கொலுவிருந்த வைஸ்ராய் லின்லித்கோவுக்கு வேட்டைத் துணையாகப் போனவர் அவர்.

அதே டெல்லியில் 1969-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கூடியது. அடுத்த வருஷம் புலி வேட்டைக்குத் தடை. 1972-இல் வன உயிர்ச் சட்டம். 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது கார்பெட் பூங்காவின் டிக்காலாவில். மாணவன் பெயரில் பூங்கா இருக்கிறது. குரு இன்று உயிரோடு இருந்தால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம்.

கார்பெட் 1947-இல் இந்தியாவை விட்டுக் கிளம்பி கென்யாவின் நியேரியில் போய்த் தங்கினார். 1955-இல் அங்கேயே இறந்தார். ‘மை இந்தியா’ வெளிவந்தபோது அவருக்கு எழுபத்தேழு வயது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, டெல்லியில் யாரும் கேள்விப்பட்டிராத அந்தச் சாந்தினி சௌக்கின் பெயரை அத்தியாயத்தின் முதல் வரியிலேயே எழுதினார்.