மகாவலி காத்த மலைநகரம்

கண்டிக்கு யாத்திரை வருவோரிற் பெரும்பாலோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையில் ஒரு சுற்று உலாவிவிட்டு மாலை வண்டிக்கே திரும்பிவிடுகின்றனர். அந்நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்தோடி, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் எவருக்கும் நிலைத்த வெற்றி வாய்க்காமற் காத்த மகாவலி கங்கையை அவர்கள் பாலத்தின்மேற் கடந்து போவதோடு சரி.

மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாற்றுக் குடாவிற் கலக்கும் இந்நதியையும், அதன் இருகரையிலும் அடர்ந்திருந்த வனத்தையும் கண்டி மன்னர் அரண்களாகவே போற்றினர். பாதைகளை அகலப்படுத்த இடங்கொடாமல், கணவாய்தோறும் முட்கதவு இட்டுக் காவல் வைத்திருந்தனர் என்பதை, 1660இல் அதே கொட்டியாற்றிற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ் எழுதிவைத்துள்ளார். 1638இல் நகரை எரித்துவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயச் சேனை, பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவைக் குன்றில் இரண்டாம் இராஜசிங்கனின் வீரரால் வளைக்கப்பட்டுத் தளபதியோடு நாசமாயிற்று.

ஆயினும் நதியின் வலிமை பூரணமாய் வெளிப்பட்டது 1803 ஜூனிலேதான். ஆங்கிலேயர் அவ்வாண்டின் தொடக்கத்திற் கண்டியைக் கைப்பற்றி, நாயக்கர் குலத்து முத்துசாமியைச் சிம்மாசனத்தில் அமர்த்தியிருந்தனர். காட்டுக் காய்ச்சலாலும் உணவின்மையாலும் நலிந்த காவற்படை, மேஜர் டேவியின் தலைமையிற் சரணடைந்து, திருகோணமலைக்குச் செல்ல அனுமதி பெற்று, முத்துசாமியையும் உடனழைத்துக்கொண்டு வட்டபுளுவைக் கரைக்கு வந்தபோது, மழைவெள்ளம் இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தோணி இல்லை, தெப்பம் கட்ட முயன்றும் பயனில்லை. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்கள் முத்துசாமியைக் கேட்டனர். டேவி தயங்கித் தயங்கி ஒப்புவித்தார். அவன் கொல்லப்பட்டான். பின்னர் ஆங்கிலச் சிப்பாய்கள் ஆயுதம் களையப்பெற்று இருவர் இருவராய் அழைத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டனர். நம்பி வந்தவனைக் கைவிட்ட பாவமும் சரணடைந்தாரைக் கொன்ற பாவமும் ஒரே கரையில் நிகழ்ந்தன. எது பெரிதென்று சரித்திராசிரியர்கள் வாதிக்கட்டும்.

1815இல் ராஜ்யம் வீழ்ந்தது ஆறு வற்றியதாலன்று, அரசனை வெறுத்த பிரதானிகள் மாற்றாரோடு சேர்ந்ததால். அப்புறம் பாதைகள் வந்தன. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்து, 1905 வரை நிலைத்தது.

அன்றைய வனத்தின் எச்சத்தை இன்று காண விழைவோர், தலதா மாளிகையின் பின்புறத்துக் குன்றிலுள்ள உடவத்தகெலேக்குச் செல்லவேண்டும். அரசரின் உத்தியான வனமாயிருந்து, 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இற் சரணாலயமாகவும் பிரகடனமான இந்த 104 ஹெக்டேர் காட்டில், மனிதன் தொடையளவு பருத்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கின்றன. இலங்கைக்கே உரிய மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் உச்சிக்கிளையில் மறைந்திருந்து ஓயாமற் கூவுகிறது. கீழே செங்குரங்குக் கூட்டம் வழிப்போக்கர் கைப்பைகளையே நோட்டமிடுகிறது. மழைக்காலத்திற் காலுறைக்குள் அட்டை ஏறும். கணுக்காலிற் சவர்க்காரம் பூசிச் செல்வது உள்ளூரார் வழக்கம். ஏறிய அட்டை உப்பு வைத்தால் தானே விழும்.

ஆறு மூன்று புறமும் அணைத்தோடும் பேராதனைப் பூந்தோட்டத்தில், 1821 முதல் வளர்க்கப்பட்ட விருட்சங்களிற் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்கியபடி, சிறகால் விசிறிக்கொண்டு ஒன்றையொன்று கடிந்துகொள்வதைக் குழந்தைகளோடு செல்வோர் தவறவிடலாகாது.

கண்டியின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹரா முடிந்த விடியலில், மகாவலியின் கெட்டம்பேக் கரையிலே நீர்வெட்டு நிகழ்கிறது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பூசகர் வாளால் நீரை வெட்டிக் குடங்களில் முகந்து, மறுவருஷம் வரை பேணுகின்றனர். முருகனும் கண்ணகியும் அங்கே உரிமை பெற்றிருப்பதால் அது நமக்கும் அந்நிய விழாவன்று. ஆகவே கண்டி செல்லும் அன்பர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கி, வட்டபுளுவைக் கரையையும் பார்த்துவிட்டே திரும்புங்கள்; மழைநாளில் மட்டும் நீரில் இறங்காதீர்கள்.