ஒளிந்திருந்த ஹைட்ரஜன்

உலையோ தீயோ இல்லாமல் இரும்பைத் திரவமாகக் குப்பியில் ஊற்றி வைக்கலாம். ஓர் இரும்பு அணுவை ஐந்து கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிக்கொண்டால் போதும். கிடைப்பது 103 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் வெளிர்மஞ்சள் திரவம். இப்படி நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் அதைப் பற்றிய மூலக்கூறுகள் என்று அமைவதுதான் அணைவுச் சேர்மம். 1931இல் ஜெர்மானிய வேதியியலர் வால்டர் ஹீபர் இந்தத் திரவத்தோடு காரத்தைச் சேர்த்தார். பிறகு அமிலம் சேர்த்தார். ஒரு கார்பன் மோனாக்சைடு வெளியேற, அந்த இடத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வந்திருந்தன. குளிரில் மட்டுமே தாக்குப்பிடிக்கும் அந்தப் பொருள்தான் இடைநிலை உலோக ஹைட்ரைடு அணைவுகளில், அதாவது இரும்பு போன்ற உலோகத்தோடு ஹைட்ரஜன் நேரடியாக இணைந்த அணைவுகளில், முதலாவது.

உலோகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான இந்தப் பிணைப்பின் குணம் உலோகத்துக்கு உலோகம் தலைகீழாக மாறுகிறது. சிர்கோனியத்தோடு இணைந்த ஹைட்ரஜன் எதிர்மின்சுமை கொண்டதுபோல நடந்துகொள்ளும். நான்கு கார்பன் மோனாக்சைடுகள் சூழ்ந்த கோபால்ட்டோடு இணைந்தாலோ அதே ஹைட்ரஜன் நேர்மின்சுமையோடு கழன்று ஓடும். அந்தக் கோபால்ட் சேர்மம் தண்ணீரில் வலிமையான அமிலம். வேறு சில அணைவுகளில் ஹைட்ரஜன் எந்தச் சுமையும் இல்லாத தனி அணுவாகவும் பிரியும். ஒரே ஓர் எலக்ட்ரான் உள்ள எளிய தனிமம் இத்தனை வேடம் போடுவது, அருகிலிருக்கும் உலோகம் எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் அந்த ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அது உலோகத்தின் எலக்ட்ரான் மேகத்துக்குள்ளேயே புதைந்து கிடப்பதாகப் பல ஆண்டுகள் கருதினார்கள். படிகங்களின் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். ரீனியம் என்ற உலோகத்தின் அணுவில் 75 எலக்ட்ரான்கள், ஹைட்ரஜனில் ஒன்று. சிதறலின் வலிமை இந்த எண்ணின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ரீனியம் ஐயாயிரம் மடங்குக்கு மேல் பளிச்சிடும். அதன் பக்கத்தில் ஹைட்ரஜன் இருப்பதே தெரியாது.

1955இல் வேதியியலர் ஜெஃப்ரி வில்கின்சன் வேறு வழியில் அதைப் பிடித்தார். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கரு, தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலையை உட்கொள்ளும். இதற்கு அணுக்கரு காந்த ஒத்திசைவு என்று பெயர், மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் அடிப்படையும் இதுவே. அவர் ஆராய்ந்த ரீனியம் சேர்மத்தில் ஒரு ஹைட்ரஜனின் குறி, சாதாரணக் கரிமச் சேர்மங்களின் ஹைட்ரஜன்கள் தோன்றும் எல்லைக்கு வெகுதூரம் வெளியே தெரிந்தது. அதன்பிறகு, அந்தப் பகுதியில் குறி தெரிந்தால் உலோகத்தோடு இணைந்த ஹைட்ரஜனா என்றுதான் வேதியியலர்கள் முதலில் பார்த்தார்கள்.

அணுக்கருவிலேயே மோதிச் சிதறும் நியூட்ரான்கள் மிச்சத்தைத் தெளிவாக்கின. ரீனியத்தின் ஒரு பொட்டாசியம் உப்பில் நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் இருப்பதாக 1950களில் எழுதிவந்தார்கள். 1964இல் அதன் படிகத்தை நியூட்ரான்களால் ஆராய்ந்தபோது, ஒற்றை ரீனியம் அணுவைச் சுற்றி ஒன்பது ஹைட்ரஜன்கள் நின்றன! தண்ணீர் துளியும் இல்லை. மாங்கனீசு அணைவு ஒன்றில் உலோகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான தூரம் 1.6 ஆங்ஸ்ட்ராம் என்று அளந்தார்கள்; ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எதிலும் புதையாமல், உரிய நீளத்தில் நிற்கும் முழுமையான பிணைப்பு அது.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, உலோகம் ஹைட்ரஜன் வாயுவை உடைக்கும் விதம்தான். இரண்டு கிராம் ஹைட்ரஜனின் பிணைப்புகள் அனைத்தையும் அறுக்க 436 கிலோஜூல் வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல்தான் தேவை. இடைநிலை உலோக அணைவுகள் பலவும் அறைவெப்பத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுகின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு பக்கவாட்டில் வந்து, தன் எலக்ட்ரான் ஜோடியை உலோகத்தின் காலி ஆர்பிட்டாலுக்குள், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் இடத்துக்குள், சாய்க்கிறது. உலோகமும் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை ஹைட்ரஜனின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் தள்ளுகிறது. எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம் அது. வாங்கக் காலி இடமும் கொடுக்க எலக்ட்ரானும் ஒருசேர வைத்திருப்பதால்தான் இந்த உலோகங்களுக்கு இது கைகூடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பாதியில் நிறுத்திக் காட்டியவர், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த கிரெகரி குபாஸ். அவருடைய டங்ஸ்டன் அணைவின் ஊதாக் கரைசல் ஹைட்ரஜன் பட்டதும் மஞ்சளாகும். வாயுவை வெளியேற்றினால் மறுபடி ஊதாவாகும். 1984இல் அவர் குழு வெளியிட்ட கட்டமைப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு முழுதாகவே டங்ஸ்டனைப் பற்றியிருந்தது. வழக்கமாக 0.74 ஆங்ஸ்ட்ராம் உள்ள பிணைப்பு, ஏறக்குறைய 0.82 ஆக நீண்டிருந்தது. இரண்டில் ஓர் அணுவுக்குப் பதில் டியூட்டீரியத்தை, அதாவது கன ஹைட்ரஜனை வைத்து, காந்த ஒத்திசைவில் சோதித்தார்கள். தனித்திருக்கும் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களும் ஒன்றையொன்று 43 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பாதிக்கும். அணைவில் அது 33.5. பிணைப்பு அறுந்திருந்தால் ஓரிரு ஹெர்ட்ஸ்கூடத் தேறாது.

பாக்டீரியாக்கள் உலோகத்தைக் கொண்டு ஹைட்ரஜனை உடைக்கும் வித்தையை வெகுகாலமாகச் செய்துவருகின்றன. ஹைட்ரஜனைப் பிளக்கும் அவற்றின் நொதியொன்றில் நிக்கலும் இரும்பும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அந்த இரும்போடு கார்பன் மோனாக்சைடும் சயனைடும் ஒட்டியிருக்கின்றன. நமக்கு நஞ்சான இரண்டும் அங்கே கருவியின் உறுப்புகள். 2015இல் ஜெர்மனியின் முல்ஹைம் ஆய்வாளர்கள், மிக நுட்பமான எக்ஸ் கதிர்ப் படத்தில், அந்த இரண்டு உலோகங்களுக்கும் பாலமாக நின்ற ஹைட்ரைடைக் கண்டார்கள்.

உலோகம் பிளந்த ஹைட்ரஜனை இன்னொரு மூலக்கூறின் மேல் வைக்கும்போது, எந்தப் பக்கத்தில் வைக்கிறது என்பதும் முக்கியம். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மூலக்கூறுக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு; அது மருந்தாகாது. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் ஒரு ரோடியம் அணைவால் சரியான வடிவத்தை நூற்றுக்கு 97 அளவில் தயாரித்து, 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ரோடியம் மூலப்பொருளைச் சரியான வடிவம் தரும்படிதான் பெரும்பாலும் பிடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். இவ்வகை வினைகளை ஆராய்ந்த ஜாக் ஹால்பர்ன் குழு கண்டதோ நேர்மாறு. கரைசலில் நிறைந்திருக்கும் அணைவு தவறான வடிவத்தைத் தரக்கூடியது; ஆனால் ஹைட்ரஜனைச் சேர்ப்பதில் மிக மெதுவானது. அரிதாக இருக்கும் மற்ற அணைவு பல மடங்கு வேகத்தில் ஹைட்ரஜனைப் பற்றி வினையை முடிக்கிறது. அது தீரத் தீர, முதல் அணைவு பிடியை மாற்றிக்கொண்டு அந்த இடத்தை நிரப்புகிறது.