பல ஜாதிப் பறவைகளின் ஒரே பவனி

திருநள்ளாற்றுக்கு வரும் யாத்திரிகர்கள் நளதீர்த்தத்தில் நீராடிச் சனி பகவானைத் தொழுகின்றனர். அவருடைய வாகனமாகிய காக்கையையும் அவர்கள் மறப்பதில்லை. ஆனால் ஊரைச் சூழ்ந்த வயல்களில் மற்றப் பட்சிகள் நடத்தும் விந்தையை நின்று பார்ப்போர் சிலரே. ஏராயினும் சரி, டிராக்டராயினும் சரி, சேறு புரளும் இடத்துக்குக் கொக்கும் மைனாவும் கரிச்சானும் கூடி வந்துவிடுகின்றன. புரண்ட மண்ணிலிருந்து வெளிப்படும் புழு பூச்சிகளே அவற்றுக்கு விருந்து.

வயலில் மனிதனும் மாடும் இயந்திரமும் செய்துதரும் இந்த உபகாரத்தை மலைக்காட்டில் யார் செய்வார்? அங்கே பறவைகளே ஒன்றுக்கொன்று செய்துகொள்கின்றன. நமது நீலகிரியிலும் ஆனைமலையிலும் இத்தகைய கலப்புக் கூட்டங்கள் உண்டு. எனினும் இவற்றை நெடுங்காலம் பொறுமையுடன் ஆராய்ந்த இடங்களுள் முதன்மையானது, கடலுக்கு அப்பால் தென்மேற்கு இலங்கையின் குன்றுகளில் உள்ள சிங்கராஜ வனமாகும். பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் உழைத்தவர்களும் 1981 முதல் அங்கே இக்கூட்டங்களைக் கணக்கெடுத்து வந்தனர். ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய 40 பறவைகள். அவை பத்துப் பன்னிரண்டு இனங்களைச் சேர்ந்தவை!

இப்பவனிக்கு நடுநாயகம் செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவிகள். தொகையில் மிக்கவை அவையே. சளசளவென்று பேசிக்கொண்டு அவை இலைகளைக் கிளறிச் செல்ல, பதுங்கியிருந்த பூச்சிகள் சிதறி ஓடுகின்றன. அவற்றைக் காற்றிலேயே பாய்ந்து பிடிக்கக் கொண்டைக் கரிச்சான் காத்திருக்கிறது. உச்சிக்கிளையில் மின்சிட்டுகள், அடிமரத்தில் மரங்கொத்தி, நடுக்கிளையில் தீக்காக்கை என்று ஒவ்வொன்றும் தனக்குரிய தளத்தில் இரை தேடுவதால் சச்சரவுக்கு இடம் குறைவு.

கரிச்சான் உண்ணும் உணவுக்குக் கூலி கொடுக்காமல் இல்லை. வல்லூறு வருகிறதென்று எச்சரிக்கும் காவற்காரன் அது. தவிட்டுக்குருவிகளும் அபாயக்குரல் எழுப்புவதுண்டு. ஆனால் பல கண்களும் பல வாய்களும் கொண்ட அக்கூட்டம், ஆபத்தில்லாத காரியத்துக்கும் அலறிவிடும். கரிச்சானின் எச்சரிக்கையோ பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அதுமட்டுமன்று, பிற பறவைகளின் குரலைப் போலவே கூவி அவற்றைத் தன்பால் அழைக்கும் வித்தையும் அதற்குத் தெரியும் என்று 2006இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. திருவிளையாடலில் சிவபெருமானிடம் உபதேசம் பெற்ற கரிக்குருவியின் குலத்துக்கு இச்சாமர்த்தியம் பொருத்தமானதே அல்லவா?

இக்காட்சியைக் காமிராவில் பிடிக்க விரும்புவோர் கூட்டத்தைத் துரத்திப் பயனில்லை. மழைக்காட்டின் அடியில் வெளிச்சம் குறைவு. பறவைகளோ கணப்பொழுதும் நில்லா. முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்குருவிகளின் ஆரவாரம் கேட்டதும், அவை செல்லும் திசையை ஊகித்து, முன்னே ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பவனி தானாகவே நம்மைக் கடந்து செல்லும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவைகளை வரவழைப்பது தகாது. காவற்காரனின் சொல்லை நம்பி உயிர்வாழும் கூட்டத்தில் பொய்க்குரல் எழுப்புவது நியாயமாகுமா?

சிங்கராஜ வனத்தில் பறவை பார்ப்போர் நடக்கும் பாதைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பிளைவுட் தொழிலுக்காக இவ்வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினர். வெட்டிய மரங்களை எடுத்துச் செல்லப் போட்ட சாலை அது. ஜனங்களின் எதிர்ப்பு வலுத்தது. 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக பாரம்பரியத் தலமாக ஏற்றது. இன்று அதே சாலையில் காமிராவுடன் நிற்போர் பறவைப் பவனியைக் கண்டு மகிழ்கின்றனர்.

காப்பாற்றப்பட்ட வனத்தின் பரப்பு ஏறக்குறைய 22,000 ஏக்கர்தான். பெரிய தேசத்தின் கணக்கில் அது சிறு துண்டு. ஆயினும் அத்துண்டில் உச்சிக்கிளை, நடுக்கிளை, அடிமரம் ஆகிய எல்லாத் தளங்களும் இருந்தால்தான் பவனியில் எல்லாருக்கும் இடமுண்டு. பெருமரங்கள் போனால் முதலில் உச்சிக்கிளைக் குடிகள் விலகும். பவனி படிப்படியாகக் குறுகும். தனியொரு பறவையைக் காப்பதாக எண்ணிக் காட்டைத் துண்டாடுவோர் அறிய வேண்டிய உண்மை இது. மலை வாசஸ்தலங்களுக்குச் செல்லும் நம் நேயர்கள், அழகான ஒரு பறவையின் படத்தோடு திருப்தி அடையாமல், அதனுடன் வந்த தோழர்கள் யார் யார் என்பதையும் குறித்துக்கொண்டு வருவார்களாக. அந்தப் பட்டியலே அக்காட்டின் ஆரோக்கியத்துக்குச் சான்று.