பாம்புக்கடி: மருத்துவர் மறந்த பாடமும் நாம் மறக்கவேண்டிய பாடமும்

மால்ட்டா தீவில் புனித சின்னப்பர் சுள்ளிகளைத் திரட்டித் தீயிலிட்டபோது, நச்சுப்பாம்பொன்று அவர் கையைப் பற்றிக்கொண்டது. அவர் அதைத் தீயில் உதறிவிட்டார், தீங்கேதும் நேரவில்லை. அது இறைவன் தம் தூதருக்களித்த தனிப் பாதுகாப்பு. நமக்கோ, அவர் தந்த அறிவைப் பயன்படுத்தும் கடமை உண்டு.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டவும், கீறி உறிஞ்சவும் நம் முன்னோர் கற்பித்தனர். இவை கூடா என்கின்றனர் இன்றைய அவசரச் சிகிச்சை மருத்துவர்கள். இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கையோ காலோ அழுகலாம். விரியன் நஞ்சால் இரத்தம் உறையாத நிலையில், கீறிய இடத்தில் குருதிப்பெருக்கு நில்லாது.

மருத்துவர்களும் தம் பழைய பாடங்களைத் திருத்திக்கொண்டனர். முன்பு நச்சுமுறி மருந்தைச் சிறிதளவு தோலில் செலுத்தி ஒவ்வாமையைச் சோதித்தனர். அச்சோதனை ஒவ்வாமையை முன்கூட்டி உணர்த்துவதில்லை எனத் தெளிந்தபின் அதைக் கைவிட்டனர். அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டே மருந்தைத் தொடங்குகின்றனர். குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவே மருந்து. ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளப்பதில்லை. இரத்தம் உறைகிறதா என்றறிய, சிறிது இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடங்கள் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்க்கின்றனர். சிற்றூர் மருத்துவமனையிலும் இயலும் சோதனை இது.

கட்டுவிரியன் கடி வஞ்சகமானது. இரவில் தரையில் உறங்குவோரை அது தீண்டும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பின்னர் வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க இயலாமை தோன்றும், மூச்சும் நின்றுபோகலாம். இக்குறிகளைக் கண்டால், கடித்த தடம் இல்லையே என்று காத்திராதீர்கள்.

பெற்றோரே, கடிபட்டவரை அமைதிப்படுத்துங்கள்; நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பைச் சிம்பு வைத்து அசையாது காத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முன்பே யாரேனும் இறுகக் கட்டியிருந்தால், மருத்துவர் முன்னிலையிலேயே அவிழ்க்க வேண்டும். மந்திரிப்பவரைத் தேடியும் பாம்பைத் தேடியும் நேரத்தை இழக்காதீர்கள்.

செபமாலையை வண்டியில் செல்லும்போதே சொல்லலாம். அதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம். கற்றறிந்த மருத்துவரே தம் தவற்றைத் திருத்திக்கொள்ளும் தாழ்ச்சி காட்டும்போது, நாம் மட்டும் பழைய கயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கலாமா?