உங்களுக்குத் தெரியுமா? பள்ளிச் சுவருக்குள் கங்கா தீர்த்தம்

நியூயார்க் மாநகரில் 1904-ஆம் ஆண்டு ஆண்பிள்ளைகளுக்கென்றே ஸ்தாபிக்கப்பெற்று, ஆலிஸ் டி ரிவேரா என்னும் சிறுமி நியாயஸ்தலத்தின் படியேறி வழக்காடியதன் பயனாய் 1969-இல் பெண்களுக்கும் கதவு திறந்த ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் கட்டணமின்றிப் பயிலும் அரசாங்க வித்தியாசாலையாகும். அதன் பத்து மாடிக் கட்டிடத்தில், அடித்தளம் முதல் உச்சி மாடி வரை, மாணாக்கர் வகுப்புக்கு விரையும் நடைவழிச் சுவர்களிலே, நானூறு கண்ணாடிப் பேழைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சீனப் பெருஞ்சுவரின் துண்டு ஒன்றிலும், நைல் நதியின் நீர் ஒன்றிலும், நம் கங்கையின் தீர்த்தம் மற்றொன்றிலும், பழைய மாணவர் ஒருவருடைய மதிப்பெண் அட்டை இன்னொன்றிலும் (அவர் வாங்கிய மார்க்கை நாம் விசாரிக்க வேண்டியதில்லை!) வீற்றிருக்க, வெறுமையாய் விடப்பட்ட பேழைகளை, 2080-ஆம் ஆண்டு வரையில், படிப்பை முடித்து வெளியேறும் ஒவ்வோர் ஆண்டு மாணாக்கரும் தாம் தேர்ந்த ஞாபகார்த்தப் பொருள்களால் நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.